மலைக்கடை கம்ப்யூட்டருக்கு இன்ஸ்டாலர் கட்டும்போது: ரன்டைம் லைப்ரரி வெர்ஷன்களைக் கையாளும் வழி

கம்பத்தில் இருந்துகொண்டு ஏலக்காய்க் கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறேன். வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவர்கள் மலைக்கு மேலே, கேரளப் பக்கம்: குமுளி, அணக்கரை, வண்டன்மேடு, கட்டப்பனை. போடியிலோ புற்றடியிலோ ஏலம் இருக்கிற நாளில் இந்தக் கடைகளில் யாருக்கும் நிற்க நேரம் இருக்காது. மூட்டை இறங்கும், தராசில் ஏறும், எடை நேராக பில்லுக்குள் போய் விழ வேண்டும். அந்த நேரம் பார்த்து, "தம்பி, ஐகானைத் தட்டுனா ஏதோ டிஎல்எல் இல்லேன்னு வருது" என்று போன் வந்தால், நான் லோயர்கேம்ப் தாண்டி மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் அவருடைய அன்றைய கணக்கு முழுக்கத் துண்டுச்சீட்டில் ஏறிவிடும்.

டிஎல்எல் என்பது ஒரு புரோகிராம் ஓடும்போது கடன் வாங்கும் கோடு இருக்கும் ஃபைல். புரோகிராம்களுக்குப் பொதுவான அடிப்படை வேலைகளைச் செய்துதரும் டிஎல்எல்களைத்தான் ரன்டைம் லைப்ரரி என்கிறோம். கடை மிஷினில் அது இல்லாவிட்டாலும் பழையதாக இருந்தாலும் இந்த மாதிரி போன் வரும். பெரும்பாலானவற்றை இன்ஸ்டாலரிலேயே தடுத்துவிடலாம். இன்ஸ்டாலர் கட்ட நான் பயன்படுத்தும் கருவி இன்னோ செட்டப். நீங்கள் விக்ஸ் அல்லது என்எஸ்ஐஎஸ் வைத்திருந்தாலும் விஷயம் அதேதான்.

என்ன வேண்டும் என்பதை ஃபைலிடமே கேளுங்கள்

உங்கள் கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடுகிறது என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். புரோகிராம் எழுதும் கருவியான விஷுவல் ஸ்டுடியோ போட்ட மிஷினில் பல ரன்டைம்கள் ஏற்கெனவே இருக்கும். கடையில் இருக்கும் மிஷினில் விண்டோஸ், ஒரு பிரவுசர், பிரின்டர் டிரைவர், அவ்வளவுதான் இருக்கும்.

விஷுவல் ஸ்டுடியோவோடு டம்ப்பின் என்று ஒரு கருவி வருகிறது. டெவலப்பர் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஸ்லாஷ் டிபெண்டென்ட்ஸ் என்ற ஆப்ஷனோடு உங்கள் எக்ஸ்இ பெயரைக் கொடுத்தால், அந்த ஃபைல் எந்தெந்த டிஎல்எல்லை எதிர்பார்க்கிறது என்று வரிசையாகச் சொல்லும். உங்கள் எக்ஸ்இ-யோடு நிறுத்திவிடாதீர்கள். இன்ஸ்டாலரில் வைக்கப்போகும் ஒவ்வொரு டிஎல்எல்லுக்கும், குறிப்பாக வெளியில் இருந்து வாங்கியவற்றுக்கு, இதைச் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் லோடு ஆகும் டிஎல்எல்கள் இதில் தெரியாது. அதற்குப் பிராசஸ் மானிட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு பில், ரிப்போர்ட், பிரின்ட், தராசு என்று எல்லாப் பக்கத்தையும் ஒரு சுற்று தட்டிப் பாருங்கள். என்ன லோடு ஆனது, எதைத் தேடிக் கிடைக்காமல் போனது என்பது அங்கே விழும்.

பெயரை வைத்தே வெர்ஷனைக் கண்டுபிடித்துவிடலாம். எம்எஸ்விசிஆர்90 என்றால் விஷுவல் சி++ 2008. எம்எஸ்விசிஆர்100 என்றால் 2010, 110 என்றால் 2012, 120 என்றால் 2013. இவை ஒவ்வொன்றும் தனித்தனி. 2013 இருக்கிறதே என்று 2010-ஐ விட்டுவிட முடியாது. விசிரன்டைம்140, எம்எஸ்விசிபி140 என்று வந்தால் அது 2015, 2017, 2019, 2022 எல்லாவற்றுக்கும் பொதுவான குடும்பம். ஒரே ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், அதாவது ரன்டைமை மிஷினில் போட மைக்ரோசாஃப்ட் தரும் இன்ஸ்டாலர், போதும். பெயரின் கடைசியில் 'டி' எழுத்து ஒட்டியிருந்தால் அது டீபக் பில்ட். அந்த டிஎல்எல்லை வெளியே கொடுக்க மைக்ரோசாஃப்டின் லைசென்ஸ் அனுமதிக்காது. ரிலீஸ் மோடில் மறுபடி பில்ட் செய்வதுதான் வழி.

இந்தச் சோதனை எவ்வளவு முக்கியம் என்பதற்கு என் தராசு டிஎல்எல்லையே சொல்லலாம். என் புரோகிராமை விஷுவல் ஸ்டுடியோ 2022-இல் பில்ட் செய்கிறேன். ஆனால் எலக்ட்ரானிக் தராசில் இருந்து சீரியல் போர்ட் வழியாக எடையைப் படிக்க, தராசு விற்ற நிறுவனம் கொடுத்த டிஎல்எல் ஒன்று இருக்கிறது. டம்ப்பினில் போட்டால் எம்எஸ்விசிஆர்100 என்று காட்டுகிறது. அதாவது 2010 ரன்டைம். அதுவும் 32 பிட். ஒரு 64 பிட் பிராசஸுக்குள் 32 பிட் டிஎல்எல்லை ஏற்ற முடியாது. ஆகவே என் பில்லிங் புரோகிராமும் 32 பிட்டாகவே இருந்தாக வேண்டும். கடையில் இருப்பது புத்தம்புது 64 பிட் விண்டோஸ் 11 என்றாலும் நான் போட வேண்டியது எக்ஸ்86, அதாவது 32 பிட் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள், அதுவும் இரண்டு: 2010-க்கு ஒன்று, 2015 முதல் 2022 வரையிலான குடும்பத்துக்கு ஒன்று. ஒரு சின்ன டிஎல்எல் மொத்த இன்ஸ்டாலரையும் தீர்மானித்துவிடுகிறது.

இங்கே பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருப்பவை 64 பிட் டிஎல்எல்கள். 32 பிட் டிஎல்எல்கள் சிஸ்வாவ்64 என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும், ஆனால் ஏற்பாடு அப்படித்தான். இது தெரியாமல் ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் வைத்தால், சி000007பி என்று முடியும் எர்ரர் எண்ணோடு புரோகிராம் திறக்காமல் நிற்கும். அந்த எண் வந்தால் முதலில் 32, 64 கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

'140' என்ற பெயர் மாறவில்லை, உள்ளே எல்லாம் மாறியிருக்கிறது

2015-க்குப் பிறகு வந்தவை எல்லாம் ஒரே குடும்பம் என்றேன். அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: கடை மிஷினில் இருக்கும் ரன்டைம், நீங்கள் பில்ட் செய்த டூல்செட்டின் (கம்பைலரும் அதோடு வரும் லைப்ரரிகளும்) வெர்ஷனுக்குச் சமமாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். உங்கள் புரோகிராமோடு வரும் டிஎல்எல்கள் வேறு வேறு டூல்செட்டில் பில்ட் ஆகியிருந்தால், அவற்றில் எது புதியதோ அதுதான் கணக்கு. பழைய புரோகிராம் புதிய ரன்டைமில் ஓடும். புதிய புரோகிராம் பழைய ரன்டைமில் ஓடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

இது வெறும் ஏட்டு விதி என்று நினைப்பவர்கள் விஷுவல் ஸ்டுடியோ 2022-இன் 17.10 அப்டேட்டைப் பார்க்க வேண்டும். அதன் டூல்செட் வெர்ஷன் 14.40. அதில் ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் மியூட்டெக்ஸ் (ஒரே தரவை ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் தொடாமல் காக்கும் பூட்டு) உருவாகும் முறையை மாற்றினார்கள். புதிய ஹெடரில் பில்ட் செய்த புரோகிராம், பழைய எம்எஸ்விசிபி140-ஐ லோடு செய்தால், முதல்முறை மியூட்டெக்ஸை லாக் செய்யப் போகும்போதே ஆக்ஸஸ் வயலேஷன் வந்து விழுந்துவிடும். டிஎல்எல் இல்லை என்று எந்த எர்ரரும் வராது, ஏனென்றால் டிஎல்எல் அங்கே இருக்கிறது, பெயரும் சரியாக இருக்கிறது. கடைக்காரர் பார்ப்பதெல்லாம், விண்டோ ஒரு நொடி வந்து மறைவதை மட்டும்தான். போனில் அவரிடம் எதைக் கேட்டாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் 'ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் இருக்கிறதா' என்ற கேள்வியோடு இன்ஸ்டாலர் திருப்தி அடையக் கூடாது. 'நான் பில்ட் செய்த வெர்ஷனாவது இருக்கிறதா' என்று கேட்க வேண்டும்.

எங்கே வைப்பது

மூன்று வழி உண்டு. ரீடிஸ்ட்ரிபியூட்டபிளை இன்ஸ்டாலரில் வைத்து, தேவைப்பட்டால் ஓட்டுவது ஒன்று. டிஎல்எல்களை எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரிலேயே வைத்துவிடுவது இரண்டாவது. ஸ்டாட்டிக் லிங்க் செய்து ரன்டைமை எக்ஸ்இ-க்குள்ளேயே அடக்கிவிடுவது மூன்றாவது.

கடை மிஷின்களுக்கு நான் முதல் வழியைத்தான் விரும்புகிறேன். பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடும்போது ஒரே இடத்தில் அடைபடும்; நான் ஒவ்வொரு ஃபோல்டராகத் தேடிப் போக வேண்டியதில்லை. இரண்டாவது வழியில் இன்னொரு சிக்கல்: விண்டோஸ் டிஎல்எல்லைத் தேடும்போது எக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரைத்தான் முதலில் பார்க்கும். என்றோ காப்பி செய்த பழைய எம்எஸ்விசிபி140 அங்கே கிடந்தால், சிஸ்டத்தில் எவ்வளவு புதியது இருந்தாலும் பழையதுதான் லோடு ஆகும். நான் மேலே சொன்ன மியூட்டெக்ஸ் கதை பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கும். சாஃப்ட்வேரை அப்டேட் செய்யும் இன்ஸ்டாலர், முன்பு தான் வைத்த இந்த மாதிரி டிஎல்எல்களை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும்.

இரண்டாவது வழி சரியாக வரும் இடமும் இருக்கிறது. சில கடைகளில் முதலாளியிடம்தான் அட்மின் பாஸ்வேர்டு இருக்கும், கவுண்டரில் உட்காரும் பையனிடம் இருக்காது. ரீடிஸ்ட்ரிபியூட்டபிளுக்கு அட்மின் உரிமை கட்டாயம். அங்கே யூசர் அளவில் மட்டும் இன்ஸ்டால் செய்து, டிஎல்எல்களைப் பக்கத்திலேயே வைக்கலாம். அப்படி வைக்கும்போது விஷுவல் ஸ்டுடியோவின் ரீடிஸ்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் சிஆர்டி (சி ரன்டைம்) ஃபோல்டரை முழுதாக எடுங்கள். ஒன்றிரண்டைப் பொறுக்கி எடுக்காதீர்கள். சிஸ்டம்32-இல் இருந்து எடுக்காதீர்கள். டிஎல்எல் டவுன்லோடு என்று விளம்பரத்தோடு வரும் தளங்களில் இருந்து ஒருபோதும் எடுக்காதீர்கள். அங்கே கிடைக்கும் ஃபைலுக்கு யாரும் பொறுப்பில்லை.

ஸ்டாட்டிக் லிங்க் ஒற்றை எக்ஸ்இ கருவிகளுக்கு நன்றாக இருக்கும். பல டிஎல்எல்கள் ஒன்றுக்கொன்று மெமரியைக் கைமாற்றும் புரோகிராமில், ஒன்றில் ஒதுக்கிய மெமரியை இன்னொன்று விடுவிக்கப் போய் வம்பில் முடியும்.

இன்னோ செட்டப்பில் எழுதுவது

இன்னோ ஸ்கிரிப்டின் ரன் பகுதியில் ஒரு வரியாக ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம். ஆனால் ரன் பகுதி, ஓட்டிய புரோகிராம் திருப்பித் தரும் எக்ஸிட் கோடைப் பார்ப்பதில்லை. உள்ளே தோற்றாலும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்று கடைசித் திரை வந்துவிடும். அதனால் இந்த வேலையை கோடு பகுதியில், பிரிப்பேர்-டு-இன்ஸ்டால் என்ற ஃபங்ஷனுக்குள் வையுங்கள். ஃபைல்கள் காப்பி ஆவதற்கு முன்பே அது ஓடும். அதில் இருந்து காலியில்லாத ஒரு வாக்கியத்தைத் திருப்பித் தந்தால், இன்ஸ்டாலர் அந்த வாக்கியத்தைத் திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். பாதி போட்டும் பாதி போடாமலும் கிடக்கிற மிஷினைவிட, எதுவுமே போடாத மிஷின் எவ்வளவோ மேல்.

அந்த ஃபங்ஷனுக்குள் முதலில் செய்ய வேண்டியது, விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் ரெஜிஸ்ட்ரியைப் படிப்பது. லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விஷுவல்ஸ்டுடியோ, 14.0, விசி, ரன்டைம்ஸ் என்று இறங்கினால் எக்ஸ்86, எக்ஸ்64 என்று தனித்தனி கீ இருக்கும். உள்ளே இன்ஸ்டால்டு, மேஜர், மைனர், பில்ட் எண் எல்லாம் எண்களாகவே இருக்கும். வெர்ஷன் என்ற எழுத்து வடிவ மதிப்பும் அங்கே உண்டு, அதை ஒப்பிடப் பயன்படுத்தாதீர்கள். எழுத்தாக ஒப்பிட்டால் 14.9 என்பது 14.40-ஐ விடப் பெரியது என்றாகிவிடும். எண்களை ஒவ்வொன்றாக, மேஜரில் ஆரம்பித்து ஒப்பிடுங்கள். எக்ஸ்86-ஐ ரெஜிஸ்ட்ரியின் 32 பிட் பார்வையிலும் எக்ஸ்64-ஐ 64 பிட் பார்வையிலும் படியுங்கள். இன்னோவில் லோக்கல் மெஷினின் சுருக்கப் பெயரோடு 32 அல்லது 64 என்று சேர்த்து எழுதினால் எந்தப் பார்வை என்பதில் குழப்பமே வராது.

ரெஜிஸ்ட்ரி சொல்வதை மட்டும் நம்பாமல், சிஸ்டம் ஃபோல்டரில் இருக்கும் எம்எஸ்விசிபி140-இன் ஃபைல் வெர்ஷனையும் பார்ப்பது என் வழக்கம். கீ மட்டும் மிச்சமிருந்து, ஃபைலை யாரோ பழையதால் மாற்றிவைத்திருக்கிற மிஷின்கள் உண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஃபைல் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வெர்ஷன் குறைவாக இருந்தால் மட்டும் ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைத் தற்காலிக ஃபோல்டரில் பிரித்து, இன்ஸ்டால், கொயட், நோரீஸ்டார்ட் என்ற மூன்று ஸ்விட்ச்களோடு ஓட்டுங்கள். லாக் ஸ்விட்சையும் சேர்த்து, அது எழுதும் ஃபைலுக்கு நீங்களே ஒரு இடம் கொடுங்கள். 2010-க்கு மட்டும் ஸ்விட்ச் பெயர்கள் வேறு. அங்கே கொயட் என்பதற்குப் பதில் 'க்யூ' என்ற ஒற்றை எழுத்து வரும். சாலிட் கம்ப்ரெஷன் (எல்லா ஃபைலையும் ஒரே கட்டாகச் சுருக்குவது) போட்டிருந்தால், ஃபைல்ஸ் பகுதியில் இந்த ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்களை முதல் வரிகளாக வையுங்கள். இல்லாவிட்டால் இதைப் பிரிக்க, முன்னால் இருக்கும் எல்லாவற்றையும் பிரித்துத் தள்ள வேண்டியிருக்கும். பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள மிஷினில் அது தெளிவாகத் தெரியும்.

திரும்பி வரும் எண்களில் 0 என்றால் சரி. 1638 என்றால் இதைவிடப் புதியது ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். அதையும் வெற்றியாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இதைத் தோல்வியாக எண்ணி நின்றுவிடும் இன்ஸ்டாலர்கள் ஏராளம், எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காரணமே புரியாது. 3010 என்றால் போட்டாகிவிட்டது, ஆனால் ரீஸ்டார்ட் செய்தால்தான் புதிய ஃபைல் அமரும். இந்த நிலையில் கடைசித் திரையில் 'இப்போதே திறக்கவும்' என்ற டிக் பெட்டியைக் காட்டாதீர்கள். பழைய டிஎல்எல்லில்தான் திறக்கும். 1618 என்றால் பின்னணியில் வேறு ஏதோ இன்ஸ்டால் ஆகிக்கொண்டிருக்கிறது; கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலச் சொல்லுங்கள். வேறு எந்த எண் வந்தாலும் நின்று, அந்த எண்ணையும் லாக் இருக்கும் இடத்தையும் திரையில் காட்டுங்கள். நான் அந்தச் செய்தியைத் தமிழிலும் மலையாளத்திலும் வைக்கிறேன். கட்டப்பனைக் கடைகளில் கவுண்டரில் இருப்பவர் எந்த மொழியில் படிப்பார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது.

விண்டோஸ் 7 மிஷின்கள் இன்னும் மலையில் இருக்கின்றன. அதற்கான சப்போர்ட் 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, மாற்றச் சொல்வதுதான் முறை. மாற்றும்வரை அங்கே சர்வீஸ் பேக் 1 இருந்தாக வேண்டும். விண்டோஸ் 10 முதல் யுனிவர்சல் சிஆர்டி, அதாவது சி ரன்டைமின் பொதுவான அடிப்படைப் பகுதி, விண்டோஸின் பகுதியாகவே வருகிறது; 7-இல் அது தனியாக அமர வேண்டியது. ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று ஆரம்பிக்கும் நீளப் பெயருள்ள டிஎல்எல் இல்லை என்று 7-இல் எர்ரர் வந்தால் காரணம் இதுதான்.

டாட்நெட் புரோகிராம் என்றால்

டாட்நெட் என்பது புரோகிராம் எழுத மைக்ரோசாஃப்ட் தரும் இன்னொரு தளம்; அதற்கும் தனி ரன்டைம் உண்டு. பழைய டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 என்றால் வேலை சுலபம். ரெஜிஸ்ட்ரியில் என்டிபி, வி4, ஃபுல் என்ற கீயில் ரிலீஸ் என்ற எண் இருக்கும். அது 528040 அல்லது அதற்கு மேல் இருந்தால் 4.8 இருக்கிறது. சமமாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். விண்டோஸுக்கு விண்டோஸ் அந்த எண் கொஞ்சம் மாறும். விண்டோஸ் 10-இன் 2019 மே அப்டேட்டில் இருந்து 4.8 கூடவே வந்துவிடுகிறது.

புதிய டாட்நெட்டில் நடைமுறை வேறு. 8-க்கு பில்ட் செய்த புரோகிராம், 8.0-இன் எந்த பேட்ச் இருந்தாலும் அவற்றில் புதியதை எடுத்துக்கொள்ளும். ஆனால் மிஷினில் 9 மட்டும் இருந்தால் இயல்பாக ஓடாது. மேஜர் எண்ணைத் தாண்டிப் போக, கான்ஃபிக் ஃபைலில் ரோல்-ஃபார்வர்டு என்ற இடத்தில் நீங்களே சொன்னால்தான் போகும். "புது டாட்நெட் போட்டிருக்கேனே, இன்னும் கேட்குதே" என்று வரும் கேள்விக்கு இதுதான் பதில். அப்புறம், வின்ஃபார்ம்ஸ் (விண்டோஸ் திரைகள் கட்டும் டாட்நெட் லைப்ரரி) புரோகிராமுக்கு வெறும் டாட்நெட் ரன்டைம் போதாது, டெஸ்க்டாப் ரன்டைம் வேண்டும். புரோகிராம் ஃபைல்ஸில் டாட்நெட், ஷேர்டு என்ற ஃபோல்டர்களுக்குள் போய், விண்டோஸ் டெஸ்க்டாப் ஆப் என்ற பெயருக்குக் கீழே 8.0 என்று தொடங்கும் ஃபோல்டர் இருக்கிறதா என்று இன்ஸ்டாலர் பார்த்தாலே தெரிந்துவிடும். 32 பிட் புரோகிராமுக்கு எக்ஸ்86 என்று குறித்த புரோகிராம் ஃபைல்ஸில் பார்க்க வேண்டும்.

டாட்நெட்டுக்கு என் சிபாரிசு, ரன்டைமையும் சேர்த்தே பப்ளிஷ் செய்துவிடுவது. அதற்கு செல்ஃப்-கன்டெய்ன்டு என்று பெயர். அளவு கூடும், ஆனால் மிஷினில் என்ன இருக்கிறது என்ற கேள்வியே எழாது. அதற்கு ஈடாக ஒரு பொறுப்பு நம் தலையில் ஏறுகிறது: டாட்நெட்டில் பாதுகாப்பு பேட்ச் வரும்போதெல்லாம் நாமும் புது இன்ஸ்டாலர் கொடுக்க வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர்கள் இந்த வழிக்கு வரக் கூடாது.

எந்த வழியானாலும் ஆஃப்லைன் இன்ஸ்டாலரையே உள்ளே வையுங்கள். நெட்டில் இருந்து இழுத்துக்கொள்ளும் சின்ன இன்ஸ்டாலர் மழைக்காலத்து வண்டன்மேட்டில் வேலைக்கு ஆகாது. டாட்நெட் 4.8-இன் ஆஃப்லைன் ஃபைல் 100 எம்பி-க்கு மேல் வரும்; பென் டிரைவில் எடுத்துப்போக அது ஒரு சுமையே இல்லை.

பில்ட் மிஷினில் ஒழுங்கு, அப்புறம் சோதனை

மைக்ரோசாஃப்ட் தரும் நிலையான ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் லிங்க் எப்போதும் அன்றைக்குப் புதியதைத்தான் தரும். ஒவ்வொரு பில்ட்டிலும் அதில் இருந்து இறக்கினால், போன மாதம் கொடுத்த இன்ஸ்டாலரும் இந்த மாதம் கொடுப்பதும் உள்ளுக்குள் வேறு வேறாக இருக்கும், உங்களுக்கே தெரியாது. ஒருமுறை இறக்கி, டிஜிட்டல் சிக்னேச்சரைப் பார்த்து, வெர்ஷன் எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டரில் வையுங்கள். ஃபைலின் கைரேகை போன்ற ஷா-256 ஹாஷையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். விஷுவல் ஸ்டுடியோவை அப்டேட் செய்கிற அன்றைக்கே இந்த ஃபோல்டரையும் அப்டேட் செய்யுங்கள். ஒன்றை மாற்றி மற்றதை விட்டால், நான் மேலே சொன்ன 14.40 பிரச்சினையை நீங்களே கடைக்கு அனுப்பி வைக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

சோதனைக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் அருமையான இடம். விண்டோஸ் புரோ எடிஷனில் இருக்கிறது, ஹோமில் இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கழுவித் துடைத்த விண்டோஸாக வரும். அதோடு ஒரு விர்ச்சுவல் மிஷினில் பழைய 14.20-களின் வரிசை ரன்டைமைப் போட்டு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இன்ஸ்டாலர் அதை உயர்த்துகிறதா என்று பாருங்கள். உங்களுடையதைவிடப் புதிய ரன்டைம் இருக்கும் மிஷினிலும் ஓட்டி, அமைதியாகத் தாண்டிப் போகிறதா என்று பாருங்கள். மூன்றிலும் இன்ஸ்டாலர் முடிந்ததோடு விடாமல், ஒரு பில் போட்டு, தராசு திரையைத் திறந்து பாருங்கள்.

அன்இன்ஸ்டால் செய்யும்போது ரீடிஸ்ட்ரிபியூட்டபிளைத் தொடாதீர்கள். அது உங்கள் புரோகிராமுக்கு மட்டும் சொந்தமில்லை. அதே மிஷினில் கணக்கு சாஃப்ட்வேர், டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனின் டிரைவர் எல்லாம் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கலாம். நீங்கள் பக்கத்தில் காப்பி செய்த டிஎல்எல்களை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஏதாவது ஒரு மிஷினில் சிக்கும். அப்போது போனில் எர்ரரைப் படிக்கச் சொல்லி நேரத்தைக் கடத்த வேண்டாம். ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தன் லாகை டெம்ப் ஃபோல்டரில் டிடி, விசிரீடிஸ்ட் என்று தொடங்கும் பெயரில் எழுதி வைக்கும். நீங்கள் தனி இடம் கொடுத்திருந்தால் அங்கே இருக்கும். இன்னோவிலும் செட்டப் லாகிங் என்பதை ஆன் செய்து வைத்திருங்கள். இரண்டு லாகையும் டெஸ்க்டாப்பில் ஒரு ஜிப்பாகச் சேர்த்துத் தரும் சின்ன எக்ஸ்இ ஒன்றை, ஸ்டாட்டிக் லிங்க் செய்து, பென் டிரைவில் பக்கத்திலேயே வைத்து அனுப்புகிறேன். கடைக்காரர் அதைத் தட்டி, வரும் ஃபைலை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் போதும். எந்த வெர்ஷன் இருந்தது, எது கேட்டது, எந்த எண்ணோடு திரும்பியது என்று கம்பத்தில் உட்கார்ந்தே படித்துவிடலாம்.